கடலைக்கொடியும் கோஸ் இலையும்: ஒரு முயல் பண்ணையின் தீவன மாற்றம்

எந்தப் பண்ணைக்குப் போனாலும் முயலைப் பார்ப்பதற்கு முன் கூண்டுக்கு அடியில் குனிந்து புழுக்கையைப் பார்ப்பது என் வழக்கம். உருண்டையாக, காய்ந்து, விரலால் நசுக்கினால் வைக்கோல் தூளாகப் பிரிகிற புழுக்கை என்றால் குடல் ஒழுங்காக ஓடுகிறது என்று அர்த்தம். இந்தப் பண்ணையில் தாய் முயல்களின் வரிசைக்கு அடியில் அப்படித்தான் கிடந்தது. குட்டிகள் வரிசைக்கு வந்ததும் நிலைமை வேறு. கம்பி வலையில் கரும்பச்சையாக ஒட்டிக்கொண்டிருந்தது. நடுநடுவே முட்டையின் வெள்ளைக்கரு போல ஜவ்வு. ஒரு குட்டி மூலையில் முதுகைக் குறுக்கிக்கொண்டு பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. வயிற்றில் கை வைத்து லேசாக ஆட்டினால் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம்.

"நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் தின்னுச்சு தம்பி" என்றார் தீவனம் வைக்கும் அக்கா. பண்ணை உரிமையாளரின் மூத்த சகோதரி அவர். கொட்டகை வேலை முழுக்க அவர் கையில்தான். அந்த ஒரு வாரத்தில் 11 குட்டிகள் போய்விட்டன. எல்லாமே தாயிடமிருந்து பிரித்து 10 நாள்கூட ஆகாதவை.

பண்ணையின் பெயரையும் இடத்தையும் அவர்கள் கேட்டுக்கொண்டபடி விட்டுவிடுகிறேன். நடந்ததை முழுசாக எழுதச் சொன்னதும் அவர்கள்தான்.

பண்ணையும் நோக்கமும்

நிலக்கடலை, மக்காச்சோளம், பயறு, கோஸ், கேரட் எல்லாம் மாறி மாறிப் பயிராகும் நிலம். அதன் ஓரத்தில் முயல் கொட்டகை. 20 தாய் முயல்கள், 4 ஆண் முயல்கள், எந்த நேரத்திலும் 100-க்குக் குறையாத வளரும் குட்டிகள். ஆரம்பத்திலிருந்தே குச்சித் தீவனம், அதாவது குச்சி போல அழுத்திச் செய்து மூட்டையில் விற்கும் கடைத் தீவனம் மட்டும்தான் கொடுத்துவந்தார்கள். மாதத்துக்கு 50 கிலோ மூட்டை 9 ஆகும். முயல் வளர்ப்பில் மொத்தச் செலவின் பெரும்பங்கு தீவனத்துக்கே போகும். கொட்டகைக்கு வெளியே கடலைக்கொடி மலைபோல் குவிந்திருக்க, உள்ளே மூட்டை மூட்டையாக விலை கொடுத்து வாங்கிப் போடுவது உரிமையாளருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த உறுத்தலில் ஒரு தப்பும் இல்லை. பயிரில் நாம் எடுத்தது போக மிஞ்சுவதை இறைச்சியாக மாற்றித் தருவதில் முயலுக்கு இணையான சிறு விலங்கு குறைவு. மனிதன் தின்னும் தானியத்தில் பங்கு கேட்காமலேயே ஓரளவு வளரும்.

முதல் கட்டமாக ஆண் முயல்களுக்கும் சினையில்லாத தாய் முயல்களுக்கும் காய்ந்த கடலைக்கொடி போட்டுக் குச்சித் தீவனத்தைக் குறைத்தார்கள். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. அந்தத் தைரியத்தில் அடுத்த அடியை எடுத்து வைத்தார்கள். கோஸ் அறுவடை வந்தது. விற்பனைக்கு ஆகாத வெளி இலைகள் கூடை கூடையாக மிஞ்சின. அவற்றைக் குட்டிகளுக்குப் போட்டு, குச்சித் தீவனத்தை ஒரேயடியாகக் குறைத்து, பசிக்கு மாவு போல அரைத்த அரிசித் தவிடும் உடைத்த மக்காச்சோளமும் தொட்டியில் வைத்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் முதல் குட்டி செத்தது.

தொட்டியில் கண்டது

நான் போன அன்று மாலைத் தீவனம் வைப்பதைக் கிட்ட உட்கார்ந்து பார்த்தேன். எட்டுக் குட்டிகள் இருக்கும் கூண்டு ஒன்றுக்கு அக்கா வைத்ததை எல்லாம் நிறுத்தோம். கோஸ் இலை 2 கிலோ. குச்சித் தீவனம் 160 கிராம். தவிடும் மக்காச்சோளமும் தொட்டி நிறைய. ஓரத்தில் பேருக்கு ஒரு பிடி மக்காச்சோளத் தோகை.

குட்டிகள் முதலில் பாய்ந்தது கோஸ் இலைக்கு. இளம் பகுதியைக் கரகரவென்று தின்றுவிட்டுத் தண்டை மிதித்துப் போட்டன. அடுத்து மக்காச்சோள உடைசலைப் பொறுக்கின. அப்புறம் தவிடு. தோகையை ஒன்றுகூட முகர்ந்து பார்க்கவில்லை. தொட்டியின் அடியில் விரலைவிட்டுத் தோண்டினேன். பழைய தவிடு ஈரத்தில் இறுகி அப்பளம் போல ஒட்டியிருந்தது. முகர்ந்தால் பழைய எண்ணெயின் காறல் வாடை. தீட்டிய அரிசித் தவிட்டில் எண்ணெய் அதிகம். அதைச் சிதைக்கும் நொதியும் தவிட்டிலேயே இருக்கிறது. எண்ணெய் எடுக்காத, சூடுபடுத்தாத தவிடு சில நாளிலேயே காறிப்போவது இதனால்தான்.

இனி கணக்கு. 2 கிலோ இலையை எட்டுக் குட்டிகள் பகிர்ந்தால் ஆளுக்கு 250 கிராம். பார்வைக்கு ஒரு குட்டிக்கு ஒரு குவியல். கோஸ் இலையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஆக அந்தக் குவியலில் உலர்பொருள் 25 கிராமைத் தாண்டாது. குச்சித் தீவனம் ஆளுக்கு 20 கிராம். இரண்டையும் சேர்த்தால் 45. சுமார் 800 கிராம் எடையுள்ள குட்டிக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 70 கிராம் உலர்தீவனமாவது வேண்டும். பாக்கி 15 முதல் 25 கிராமை அது எங்கே தேடும்? தவிட்டிலும் மக்காச்சோளத்திலும்தான். அதாவது பச்சை இலையைப் போட்டு வளர்ப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்க, குட்டி உண்மையில் மாவுச்சத்தைத் தின்றுகொண்டிருந்தது.

வாயால் சொன்னால் இது மனதில் தங்காது. அதனால் அக்காவிடம் ஒரு கிலோ கோஸ் இலையைத் தனியாக நிறுத்துத் தகரத்தில் பரப்பிக் காயவைக்கச் சொன்னேன். நாலாம் நாள் தொட்டால் நொறுங்கும் பதத்துக்கு வந்ததும் தராசில் வைத்தார். 90 கிராம். கைக்குள் அடங்கிப்போன அந்த இலையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இவ்வளவுதானா தம்பி? இதையா வயிறு நிறையத் தின்னுதுன்னு நெனச்சேன்?" அதற்குப் பிறகு உலர்பொருள் என்ற சொல்லை நான் அவருக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

குடலுக்குள் நடந்தது

செத்த குட்டிகளில் மூன்றைக் கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்தார். இரைப்பையில் தண்ணீரும் காற்றும். குருட்டுக்குடல் ஊதிப் பெருத்து, உள்ளே கெட்டியான கூழுக்குப் பதில் நாற்றமெடுத்த திரவம். இந்த வயதில் கழிச்சல் என்றாலே முதலில் சந்தேகப்பட வேண்டியது காக்சிடியா என்னும் ஒட்டுண்ணி. புழுக்கையை நுண்ணோக்கியில் பார்த்ததில் அதன் முட்டைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன. கல்லீரலில் வெள்ளை முடிச்சுகள் இல்லை. 1996-ன் இறுதியில் பிரான்சில் தலைகாட்டி ஐரோப்பாவெங்கும் பரவிய தொற்றுக் குடல்நோயையும் மருத்துவர் நினைத்துப் பார்த்தார். ஆனால் அது தீவனம் பார்த்து வராது. இங்கே பழைய தீவனத்திலேயே விட்டிருந்த ஒரு வரிசைக் குட்டிகளுக்கு, அதே கொட்டகை, அதே தண்ணீராக இருந்தும், ஒன்றும் ஆகவில்லை.

முயலின் வயிற்றைப் புரிந்துகொள்ளாமல் அதற்குத் தீவனம் மாற்றக்கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். மாடு முதலில் நொதிக்கவைத்து அப்புறம் செரிக்கிறது. முயல் முதலில் செரித்து, மிச்சத்தைக் கடைசியில் குருட்டுக்குடலில் நொதிக்கவைக்கிறது. உணவுப்பாதையில் உள்ள மொத்தப் பொருளில் ஏறத்தாழ 40 சதவீதம் அந்த ஒரு பைக்குள்தான். அங்கே ஒரு தரம்பிரிப்பு நடக்கிறது. பருமனான நார்த் துண்டுகளைக் குடல் வேகமாகத் தள்ளி, கெட்டிப் புழுக்கையாக வெளியேற்றிவிடும். பொடியானதும் கரைந்ததும் மட்டும் குருட்டுக்குடலுக்குத் திரும்பிப் போய் அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு இரையாகும். அப்படி விளைந்தது மென்புழுக்கையாக, திராட்சைக் குலை மாதிரி பளபளவென்று வெளியே வரும்போது முயல் அதைத் தரையில் விழவிடாமல் ஆசனவாயிலிருந்தே எடுத்து விழுங்கிக்கொள்ளும். 1882-லேயே மோரோ என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் இதைப் பதிவு செய்திருக்கிறார். நுண்ணுயிர்ப் புரதமும் பி வகை வைட்டமின்களும் முயலுக்குக் கிடைக்கும் வழி இது.

ஆகவே முயலுக்கு நார் என்பது இரண்டு வேலை செய்யும் பொருள். சத்து என்று பார்த்தால் அதிலிருந்து முயல் எடுப்பது சொற்பம். தின்ற நாரில் பெரும்பகுதி செரிக்காமலேயே வெளியே போய்விடும். ஆனால் குடலைத் தள்ளிக்கொண்டு போகும் வேலையை நாரைத் தவிர வேறு எதுவும் செய்யாது. நார் குறைந்தால் குடல் மந்தமாகும். குருட்டுக்குடலில் இருப்பது அங்கேயே தேங்கும். இளம் குட்டிகளின் சிறுகுடலில் மாவுச்சத்தைச் செரிக்கும் திறன் இன்னும் முழுசாக வந்திருக்காது. செரிக்காத மாவு அந்தத் தேக்கத்தில் போய் விழும். அதைத் தின்று கிளாஸ்ட்ரிடியம் ஸ்பைரோஃபார்மி போன்ற நுண்ணுயிர்கள் பெருகி நஞ்சைக் கக்கும். முயலுக்கு வாந்தி எடுக்கவும் முடியாது. கழிச்சல் கண்ணில் பட்ட பிறகு பெரும்பாலும் ஒரு நாள், இரண்டு நாள்தான்.

இந்தக் குட்டிகளை 28 நாளில் தாயிடமிருந்து பிரித்திருந்தார்கள். பால் நின்ற அதே நாளில் தீவனமும் மாறியது. தீவனம் மாறினால்கூட ஒருவேளை தாங்கியிருக்கும். பால், தாய், கூண்டு, தீவனம் என நான்கும் ஒரே நாளில் மாறினால் அந்தச் சின்ன வயிறு என்ன செய்யும்?

கொடிப் போருக்குள் இன்னொரு சிக்கல்

குட்டிகளின் கதை இத்தோடு தெளிவாகிவிட்டது. தாய் முயல்களில் இரண்டு மட்டும் ஒரு வாரமாகத் தீவனத்தைத் தொடாமல் மெலிந்துகொண்டிருந்தன. புழுக்கை குறைவு, ஆனால் கழிச்சல் இல்லை. அவை கோஸ் தின்றவை அல்ல. கடலைக்கொடிதான்.

போரைப் போய்ப் பார்த்தேன். மேலே தார்ப்பாய். மேல்பகுதிக் கொடி வைக்கோல் நிறத்தில் நன்றாகவே இருந்தது. முழங்கை வரை கையை உள்ளே விட்டேன். கதகதவென்று சூடு. ஒரு பிடியை இழுத்து உதறியதும் சாம்பல் பச்சையாகத் தூசி பறந்தது. பக்கத்தில் நின்ற அக்காவுக்கு அடுக்கடுக்காகத் தும்மல். அந்தக் கொடியில் பறிக்காமல் விட்ட சுருங்கிய கடலைகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றை உடைத்தேன். பருப்பின்மேல் மஞ்சள் கலந்த பச்சைப் பூசணம்.

இந்தப் பூசணம் விடும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு முயலுக்கு எமன். வாத்துக்குஞ்சைப் போல இந்த நஞ்சுக்கு மிக எளிதில் இரையாகும் விலங்குகளில் முயலும் ஒன்று. கல்லீரலைத்தான் முதலில் தாக்கும். கொடியை விட அதில் தங்கிவிடும் கடலைதான் பூசணத்துக்குச் சரியான வீடு. பறிப்பில் தப்பிய சொத்தைக் கடலையும் பிஞ்சுக் கடலையும் ஈரம் பட்டால் போதும். ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரியில் அஃப்ளடாக்சின் இருப்பது உறுதியானது. முடிவு வரும்வரை காத்திருக்கவில்லை. அன்றைக்கே போரின் நடுப்பகுதி முழுவதையும் பிரித்து அப்புறப்படுத்தச் சொன்னேன். உரிமையாளர் "வெயில்ல காயவெச்சுட்டு மாட்டுக்குப் போடலாமா சார்?" என்று கேட்டார். பூசணம் காய்ந்துவிடும், நஞ்சு காயாது. மாட்டுக்குப் போட்டால் அது பாலிலும் வரும். அந்தக் கொடி எருக்குழிக்குப் போனது. இரண்டு தாய்களில் ஒன்று மெல்லத் தேறியது. மற்றொன்றைக் காப்பாற்ற முடியவில்லை. அதன் கல்லீரல் வெளிறி மஞ்சள் பாய்ந்திருந்தது.

எது யாருக்கு

பயிர்க்கழிவை விட்டுவிடுங்கள், மறுபடி மூட்டைக்கே போங்கள் என்று சொல்லியிருந்தால் எனக்கு வேலை எளிது. அப்படிச் சொல்ல மனமில்லை. அந்த நிலத்தில் விளைவதில் பாதி அற்புதமான முயல் தீவனம். கொடுக்கப்பட்ட வயிறுதான் தவறிப்போனது. எந்த முயலுக்குச் சத்துத் தேவை குறைவோ அந்த முயலில்தான் பயிர்க்கழிவு முதலில் மிச்சம் பிடித்துத் தரும். பால் கொடுக்கும் தாயிலும் பால் மறந்த குட்டியிலும் மிச்சம் பிடிக்கப் போனால் அது நஷ்டத்தில்தான் முடியும். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1977-ல் வெளியிட்ட அளவுகளிலேயே இந்த வித்தியாசம் தெரியும். சும்மா இருக்கும் பெரிய முயலுக்கு 12 சதவீதப் புரதம் போதும். வளரும் குட்டிக்கு 16, பால் கொடுக்கும் தாய்க்கு 17. நார் விஷயத்தில் மட்டும் அந்தப் பழைய அளவு குட்டிகளுக்குக் குறைவு என்பது பிறகு வந்த ஐரோப்பிய ஆய்வுகளில் தெளிவாகிவிட்டது. இப்போது யாரும் வளரும் குட்டிக்கு 14 சதவீதத்துக்குக் கீழே கச்சா நாரை இறக்குவதில்லை. நான் 16-க்கு மேலேயே வைப்பேன். இங்கே கச்சா நார் என்பது ஆய்வகத்தில் அமிலத்திலும் காரத்திலும் வேகவைத்த பிறகு மிஞ்சும் நார்.

நிலத்திலிருந்து வருவதையெல்லாம் களத்தில் கொட்டி, அக்காவும் நானும் உரிமையாளரும் உட்கார்ந்து பிரித்தோம். கடலைக்கொடி, பயற்றங்கொடி, மக்காச்சோளக் கதிரின் மேல்மட்டை ஒரு பக்கம். இவை குடலைத் தள்ளுபவை. கூண்டில் எப்போதும் இருக்கலாம். பயறு வகைக் கொடிகளில் இலைதான் புரதம், தண்டு நார். அதிகமாகக் காய்ந்து இலை உதிர்ந்துவிட்டால் நம் கையில் மிஞ்சுவது குச்சி மட்டும். கடலைக்கொடியில் இலை தங்கியிருந்தால் புரதம் 10 சதவீதம் வரை வரும். தவிடு, பருப்புப் பொட்டு, புண்ணாக்கு இன்னொரு பக்கம். இவை சத்து தருபவை. நிறுத்துத்தான் வைக்க வேண்டும். கோஸ் இலை, கேரட் தழை மூன்றாவது. இவற்றைத் தண்ணீர்ப் பாத்திரம் போல நினைத்துக்கொள்ளச் சொன்னேன். தாகத்துக்கும் ருசிக்கும் உதவும், வயிற்றை நிரப்பாது.

மிஞ்சியதில் சிலவற்றைத் தூர வைத்தோம். வைக்கோலும் மக்காச்சோளத் தட்டையின் அடிப்பகுதியும் மாட்டுக்குச் சரி, முயலுக்கு ஏறக்குறைய வெறும் அடைப்பு. நெல் உமியில் இருப்பது பெரும்பாலும் மணல்சத்து. தவிட்டில் உமியைக் கலந்து எடை கூட்டியிருந்தால் கையில் தேய்த்தாலே குத்தும். வரப்போரத்துத் தக்காளிச் செடியும், பச்சை ஏறிய உருளைக்கிழங்கும் அதன் செடியும் கொட்டகைப் பக்கமே வரக்கூடாது என்று சொன்னேன். ஆமணக்கு இலையும் அப்படித்தான்.

இதில் யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று மருந்து. கோஸின் வெளி இலைதான் தெளித்த பூச்சிக்கொல்லியை முழுக்க வாங்கிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் உருண்டையை நாம் தின்கிறோம். மருந்து படிந்த இலையை முயலுக்குப் போடுகிறோம். தெளித்த தேதியைக் கொட்டகைக் கதவில் சாக்பீஸால் எழுதிவைக்கும் பழக்கத்தை அன்றே தொடங்கிவைத்தோம். மருந்து டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடிந்து, அதற்கு மேலும் ஒரு வாரம் போனால்தான் இலை கொட்டகைக்கு வரும்.

வீட்டுக் கலவை

குச்சித் தீவனத்தில் ஒரு பங்குக்குப் பதிலாகக் கொடுக்க ஒரு கலவை தயாரித்தோம். 100 கிலோவுக்கு: அரைத்த கடலைக்கொடி 40, கோதுமைத் தவிடு 25, பருப்புப் பொட்டு 12, உடைத்த மக்காச்சோளம் 10, சோயாப் புண்ணாக்கு 11, தாதுக் கலவையும் உப்பும் சேர்த்து 2. சராசரி அளவுகளை வைத்துக் கணக்கிட்டால் புரதம் 15 சதவீதத்தை ஒட்டியும், நார் 17 சதவீதத்துக்கு மேலும் வரும். உரிமையாளர் கடலைப் புண்ணாக்கு போடலாமே என்றார். பூசண நஞ்சில் ஒருமுறை அடிபட்ட கொட்டகையில் கடலைக்கொடியோடு கடலைப் புண்ணாக்கையும் சேர்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. தவிர, கடலைப் புண்ணாக்கில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. சோயாவில் அது நன்றாக இருக்கிறது. ஆனால் வேகவைக்காத பச்சைச் சோயாவை அரைத்துப் போட்டுவிடக் கூடாது. புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது. எண்ணெய் எடுத்த பிறகு சூட்டில் வாட்டிய புண்ணாக்குதான் வேண்டும்.

தவிடும் கொடியும் ஒன்றுக்கொன்று கைகொடுப்பதைச் சொல்லியே ஆக வேண்டும். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. பயறு வகைக் கொடிகளில் சுண்ணாம்புச்சத்து தாராளம். தவிட்டை மட்டும் நம்பிய கொட்டகைகளில் பால் கொடுக்கும் தாய்கள் எலும்பு நலிந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

அரைப்பதில் ஒரு பிழை செய்தோம். முதல் தடவை அரைவை இயந்திரத்தில் சின்னச் சல்லடை போட்டு மாவாக அரைத்துவிட்டார்கள். நாரை மாவாக்கினால் அது பருமனான நாராக வேலை செய்யாது. பொடியோடு பொடியாகக் குருட்டுக்குடலுக்கே போய்விடும். சத்துக் கணக்கில் நார் இருக்கும், குடலில் இருக்காது. போதாததற்குத் தூசி மூக்கில் ஏறி முயல்கள் தும்மின. அடுத்த தடவை 6 மில்லிமீட்டர் சல்லடை. வைக்கும்போது வெல்லப்பாகு கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் தெளித்து, கையில் பிடித்தால் உருண்டை பிடித்து உடனே உதிரும் பதத்துக்குக் கொண்டுவந்தார் அக்கா. நனைத்த தீவனம் ஒரு வேளைக்கு மேல் தொட்டியில் தங்கக்கூடாது. காலையில் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துக் காயவைப்பது அவர் தானாகவே ஏற்படுத்திக்கொண்ட ஒழுங்கு.

மாற்றிய விதம்

குட்டிகளை 28 நாளுக்குப் பதில் 35 நாளில் பிரித்தோம். பிரிக்கும்போது தாயைத்தான் வேறு கூண்டுக்கு மாற்றினோம். குட்டிகள் பழகிய கூண்டிலேயே இருந்தன. தாயோடு இருந்தபோது தின்ற அதே குச்சித் தீவனம் பிரித்த பிறகும் 10 நாள். கூண்டின் பக்கவாட்டுக் கம்பியில் கொடிக்கட்டு முதல் நாளிலிருந்தே தொங்கும். அதற்கு அப்புறம்தான் வீட்டுக் கலவை, பத்தில் ஒரு பங்காகத் தொடங்கி இரண்டு வாரத்தில் பாதி வரை. பாதிக்கு மேல் போகவில்லை. கோஸ் இலை எட்டு வாரம் முடியும்வரை கண்ணிலேயே காட்டவில்லை.

பால் கொடுக்கும் தாய்களுக்குக் குச்சித் தீவனத்தை நான் குறைக்கவே விடவில்லை. ஈன்ற மூன்றாவது வாரத்தில் பால் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் கொடியைப் போட்டு வயிற்றை அடைத்தால் தாய் தன் உடம்பைக் கரைத்துத்தான் பால் கொடுக்கும். அடுத்த சினை நிற்காது. ஆண் முயல்களும் சினையில்லாத தாய்களும் கொடி, கொஞ்சம் வீட்டுக் கலவை, வாரத்தில் சில நாள் வாடவைத்த தழை என்று ஏறக்குறைய முழுக்க நிலத்து மிச்சத்திலேயே வாழ்கின்றன. பருத்துத் தொங்கிய இரண்டு ஆண் முயல்கள் இளைத்து, இனச்சேர்க்கையில் சுறுசுறுப்பானதை உரிமையாளரே கவனித்துச் சொன்னார்.

தண்ணீர் பற்றி ஒரு வரி. உலர்தீவனத்துக்கு மாறியதும் குடிக்கும் தண்ணீர் கூடும், தின்பதைப் போல இரண்டு மடங்கு. ஒரு வரிசையில் தண்ணீர் வரும் முனை அடைத்திருந்ததை யாரும் பார்க்காததால் ஒரு நாள் முழுக்க அந்தக் கூண்டுகள் தீவனத்தைத் தொடவில்லை. "பசி இல்லன்னு நெனச்சேன், தாகமா இருந்திருக்கு" என்றார் அக்கா.

கொடியைக் காப்பது

இரண்டாவது கடலை அறுவடையின்போது கொடியைப் போராகக் குவிக்கவே இல்லை. பறிப்பு முடிந்ததும் தங்கிய கடலைகளைக் கையால் உதிர்த்து, களத்தில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, காலையும் மாலையும் புரட்டினார்கள். உச்சி வெயிலில் புரட்டினால் இலை உதிரும் என்பதால் பனி விலகிய பிறகும் வெயில் தாழ்ந்த பிறகும்தான். காய்ந்ததா என்று பார்க்கத் தண்டை முறுக்கிப் பார்ப்பார்கள். முறிந்தால் சரி, வளைந்தால் இன்னும் ஈரம். அக்காவுக்கு அது போதவில்லை. அவருக்கு உப்புச் சோதனையைச் சொல்லிக்கொடுத்தேன். நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் நறுக்கிய கொடியைப் பாதி வரை போட்டு, ஒரு கரண்டி காய்ந்த பொடி உப்பைத் தூவி, மூடி இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாமல் அடியில் உதிர்ந்து கிடந்தால் அடுக்கலாம். தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல், கட்டுகளுக்கு நடுவே காற்று போக இடம் விட்டு அடுக்கினார்கள். வாரத்துக்கு ஒருமுறை கையை உள்ளே விட்டுச் சூடு பார்ப்பது உரிமையாளரின் வேலை.

நடந்தது என்ன

தீவனத்தைத் திருத்திய பிறகு முதல் நான்கு ஈற்றுக் குட்டிகளில் பிரித்த பின் கழிச்சலால் செத்தவை 2. அதில் ஒன்றுக்குக் காக்சிடியா உறுதியாக இருந்தது. வளர்ச்சி குறைந்தது, இதை மறைக்கக் கூடாது. முழுக் குச்சித் தீவனத்தில் 2 கிலோ எடையைத் தொட்ட நாளை விட இப்போது ஏறத்தாழ இரண்டு வாரம் கூடுதலாகிறது. அந்த இரண்டு வாரமும் கூண்டை அடைத்துக்கொண்டிருக்கிறது, தின்கிறது. மாதத்துக்கு 9 மூட்டை ஆனது 5-க்கு வந்திருக்கிறது. அந்த 4 மூட்டையும் அப்படியே லாபம் என்று சொல்ல மாட்டேன். தவிடும் சோயாவும் தாதுக் கலவையும் வாங்க வேண்டியிருக்கிறது. அரைக்க, புரட்ட, உதிர்க்க ஆள் வேலை இருக்கிறது. உரிமையாளர் எல்லாவற்றையும் கழித்த பிறகும் கையில் நிற்கிறது என்கிறார். அவருடைய கணக்கு நோட்டைப் பார்த்தேன், சரியாகத்தான் எழுதியிருக்கிறார். கூண்டு குறைவாக இருந்து குட்டிகளை வேகமாக விற்றாக வேண்டிய பண்ணைக்கு இதே கணக்கு பொருந்தாது. அங்கே பெரிய முயல்களுக்கு மட்டும் கொடியைக் கொடுத்து, குட்டிகளைக் குச்சித் தீவனத்திலேயே வளர்ப்பேன்.

இன்னும் தீராத விஷயம் இருப்புதான். கலவைக்கும் கூண்டுக் கம்பியில் தொங்கவிடவும் சேர்த்து மாதத்துக்கு 200 கிலோ கொடி போகிறது. அடுக்கியிருப்பது ஆறு மாதத்துக்கு வரும். அதற்கு மேல் பயற்றங்கொடியைக் கொண்டு சமாளிக்கப் பார்க்கிறார்கள். கொடியை மாற்றும்போதும் பழையதும் புதியதும் கலந்து இரண்டு வாரம் ஓட வேண்டும் என்பதால், பழைய கட்டுகளில் கடைசி இருபதைத் தனியாகக் கயிறு கட்டி ஒதுக்கி வைத்திருக்கிறார் அக்கா.

போன வாரம் போனபோது மறுபடி கோஸ் அறுவடை. கொட்டகை வாசலில் நிழலில் கட்டிய வலைமேல் இலைகள் வாடிக்கொண்டிருந்தன. கதவில் சாக்பீஸ் தேதி. குட்டி வரிசைப் பக்கம் போய்க் குனிந்து பார்த்தேன். அக்கா ஒரு புழுக்கையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, நசுக்கிப் பார்க்கச் சொன்னார். தூளாகப் பிரிந்தது, நடுவில் கடலைக்கொடியின் தண்டுச் சீவல்.